மேலாளர் மாறிவிட்டார்

அக்கா மகனுக்கு வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. "மாமா, மாசம் பத்தாயிரம் எஸ்.ஐ.பி. போடப் போறேன். இண்டெக்ஸ் ஃபண்டா, ஆக்டிவ் ஃபண்டா?" என்றான்.

என் கதையைச் சொன்னேன். 2011-இல் ஒரு ஆக்டிவ் ஃபண்டில், அதாவது மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டில், சேர்ந்தேன். அதன் மேலாளர் டிவியில் பேசியதைக் கேட்டுத்தான். மனிதர் அவ்வளவு நிதானம். மூன்றாம் வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சமையல்காரருக்காகப் போன மெஸ்ஸில் அவர் நின்றுவிட்டது மாதிரி: போர்டு அதேதான், சாம்பார் வேறு. அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை. கட்டணம் மட்டும் நிலைத்தது.

அந்தக் கட்டணத்துக்கு பில் வராது. தினமும் என்.ஏ.வி.யிலேயே, அதாவது யூனிட் விலையிலேயே, கழித்துக்கொள்வார்கள், வலி தெரியாது. ஏஜென்ட் வழியாக வாங்கும் ஆக்டிவ் ஃபண்டில் நூறு ரூபாய்க்கு வருடம் ஒன்றரை ரூபாய்க்கு மேல் போவது சாதாரணம். நிஃப்டி 50 பட்டியலை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில், ஏஜென்ட் இல்லாத டைரக்ட் பிளானில், 20 காசு போல. வித்தியாசம் ஒரே சதவீதம் என்று வைத்தாலும், மாதம் ₹10,000 வீதம் 20 வருடத்தில், 12% வளர்ச்சி என்றால் கிட்டத்தட்ட ஒரு கோடி. 11% என்றால் 87 லட்சம். டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது. என் ஏஜென்ட் நல்ல மனிதர், வருடம் தவறாமல் காலண்டர் தருவார். இதை மட்டும் சொன்னதில்லை.

இண்டெக்ஸ் புத்திசாலி என்று சொல்ல வரவில்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானபோது, அந்தப் பங்கு நிஃப்டியில்தான் இருந்தது. பங்கு மண்ணைக் கவ்விய பிறகுதான் தூக்கினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனால் பெரிய சம்பள மேலாளர்கள் பலரிடமும் அதே சத்யம் இருந்ததே!

சின்னக் கம்பெனிகளில் தேடிப் பிடிக்கிற ஆளுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்றே நினைக்கிறேன். லார்ஜ் கேப் ஃபண்டில்? சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில்தான் குறைந்தது 80% பணத்தைப் போட வேண்டும் என்று 2017-இல் செபி விதி போட்டுவிட்டது. அந்த நூற்றுக்குள் அவர் எவ்வளவுதான் வித்தை காட்டுவார்?

"நிஃப்டி இண்டெக்ஸையே போடு, டைரக்டாப் போடு" என்றேன்.

"சரி மாமா. உங்க பழைய ஃபண்டை எப்ப வித்தீங்க?"

"இன்னும் விக்கலைடா. நாலாவது மேலாளர் வந்திருக்கார். பார்த்தா நிதானமானவராத் தெரியுது."