கட்டடத் தொழிலும் நிலைபேற்றுக் கல்வியும்

வீடு கட்டுதல் மனிதன் கற்ற தொழில்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாயினும், அதனைக் கற்பிக்கும் முறை காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. முன்னாளில் கொத்தன் மகன் தந்தையின் கையைப் பார்த்துக் கற்றான். பின்னர் என்ஜினீயரிங் கலாசாலைகள் தோன்றின. நூலும் வரைபடமும் கணிதமும் ஆசான்களாயின. இப்பொழுது மூன்றாவதாக ஒரு கல்வி புறப்பட்டிருக்கிறது. பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த பின்னும், இடையிடையே சில மணி நேரம் படித்துப் பரீட்சை கொடுத்து, கட்டடங்களின் நிலைபேற்றுக்குரிய அளவுகோல்களை அறிந்துகொள்ளும் கல்வி அது. நிலைபேறு என்பது யாதெனின், நாம் இன்று எழுப்பும் கட்டடம் நீரையும் நிலத்தையும் எரிபொருளையும் காற்றையும் பின்வருவோர்க்கு மிச்சம் வைத்து எழும்புதலாம். இக்கல்வி யாரைச் சென்று சேர்கிறது, யாரைச் சேராது வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதைக் குறித்து ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

இதனை ஏதோ ஒரு புதுமோகம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. எரிபொருளாலும் தொழில்களாலும் உலகில் வெளியாகும் கரியமிலவாயுவில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது கட்டடங்களைக் கட்டுவதாலும், அவற்றில் விளக்கேற்றிக் குளிரூட்டி வாழ்வதாலும் உண்டாவது. சிமெண்டு ஒன்று மட்டுமே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குக்குக் காரணமாகிறது. சூளையில் எரிக்கும் கரியினால் வரும் வாயுவினும், சுடப்படும் சுண்ணாம்புக்கல்லினின்றே வெளிப்படும் வாயு அதிகம். ஆதலின் விறகை மாற்றினால் மட்டும் இக்குறை தீராது. இதனையெல்லாம் உணர்ந்தே இங்கிலாந்தில் 1990-ல் பிரீயம் என்னும் மதிப்பீட்டு முறையும், அமெரிக்காவில் 1998-ல் லீட் என்னும் முறையும் தோன்றின. நம் நாட்டில் 2001-ல் இந்தியப் பசுமைக் கட்டடக் கழகம் நிறுவப்பெற்றது. பெரிய வணிகக் கட்டடங்களுக்குரிய எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007-ல் வெளிவந்தது. கிரிஹா என்னும் நம் நாட்டு மதிப்பீட்டு முறையும் அவ்வாண்டிலேயே ஏற்கப்பட்டது. குடியிருப்புகளுக்கென்று எக்கோ நிவாஸ் சம்ஹிதை என்னும் விதிநூல் 2018-ல் வந்தது. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும் திருத்தப்பெற்றது.

இவ்வளவுகோல்களைக் கற்பிக்கும் ஏற்பாடும் ஒழுங்கானதே. லீட் முறையின் முதற்படிப் பரீட்சையில் 2 மணி நேரத்தில் 100 வினாக்களுக்கு விடை குறித்தல் வேண்டும். தேறினவரும் சும்மாயிருத்தல் கூடாது. 2 ஆண்டுக்குள் 15 மணி நேரமும், மேற்படியிலுள்ளோர் 30 மணி நேரமும் மேலும் கற்றமை காட்டினாலன்றிப் பட்டம் நிலையாது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞரின் ராயல் சங்கமோ, தன் உறுப்பினர் ஆண்டுதோறும் 35 மணி நேரம் கற்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. பட்டமளிப்பு விழாவோடு கல்வி முடிந்ததென்று அங்கியைக் கழற்றி வைத்துவிடும் நம்மவர்க்கு இவ்வொழுக்கம் நல்லதொரு பாடம். இதனைக் குறைகூற யான் முன்வரவில்லை.

ஆயின் இக்கல்வியைப் பெறுவோர் யாவர்? வரைபடம் எழுதுவோர், கணக்கிடும் என்ஜினீயர்கள், ஆலோசனை கூறுவோர், பொருள் விற்கும் கம்பெனிகளின் பிரதிநிதிகள். இவர்கள் யாவரும் அறையில் அமர்ந்து வேலை செய்பவர்கள். கட்டடத்தைக் கையால் ஆக்குகிற மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் கம்பி கட்டுவோருக்கும் சித்தாளுக்கும் இவற்றுள் ஒரு மணி நேரமேனும் கிட்டுவது அரிது. அளவுகோல் காகிதத்தில் எழுதப்படுகிறது. அது நிறைவேறுவதும் கெடுவதும் இவர்கள் கையில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாகச் சிமெண்டையே கொள்வோம். அனல் மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்சாம்பலை நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேர்த்துச் செய்யும் கலப்புச் சிமெண்டு இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. சாம்பல் எத்துணைப் பங்கு சேர்கிறதோ அத்துணைப் பங்கு சுண்ணாம்புக்கல் சுடப்படாமல் மிஞ்சும். வீணே கொட்டிக் கிடக்கும் சாம்பலும் பயன்படும். ஆகவே பசுமை அளவுகோல்கள் இதற்கு மதிப்பளிப்பது முறையே. ஆனால் இச்சாம்பல் தானாக இறுகும் இயல்புடையதன்று. சிமெண்டு நீருடன் கூடி இறுகும்போது வெளிப்படும் சுண்ணத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லவே அது உறுதிப்படும். அதற்கு ஈரம் வேண்டும், நாளும் வேண்டும். இதுபற்றியே இந்தியத் தர நிர்ணய நூல் 456, தன் 2000-ம் ஆண்டுப் பதிப்பில், சாதாரணச் சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டாயின் குறைந்தது 10 நாளும் கான்கிரீட்டை இடைவிடாது ஈரமாக வைத்தல் வேண்டுமென்று விதிக்கிறது. கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டித்தல் நலமென்றும் கூறுகிறது.

கட்டுமிடத்தில் நடப்பதென்ன? மேல்தளமாயின் பாத்தி கட்டி நீரை நிறுத்துகின்றனர். அது நெடுநாளைய நல்ல வழக்கம். தூணுக்கோ சாக்கைச் சுற்றி வைத்து, நினைவு வந்தபோது ஒரு குடம் ஊற்றுவதோடு சரி. பெரும்பாலும் இவ்வேலை கொத்தனாருடையதும் அன்று. அங்கேயே கொட்டகையிட்டுத் தங்கியிருக்கும் காவற்காரர் தலையிலோ, அவர் மனைவியின் தலையிலோ வந்து விழுகிறது. தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்குமிடத்தில் காண்டிராக்டரின் மனம் மூன்றாம் நாளே சுருங்கத் தொடங்கிவிடும். பழைய சிமெண்டில் பழகிய மேஸ்திரிக்கு ஏழு நாளே மிகையெனத் தோன்றுகிறது. மூட்டையின் மேலுள்ள பெயர் மாறிற்று என்பதை அவர் அறிவார். அதனோடு நாட்கணக்கும் மாறிற்று என்பதை அவர்க்குச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

இதன் பயன் உடனே தெரியாது. தெரிந்தால் யாரேனும் அஞ்சித் திருத்தியிருப்பர். போதிய ஈரம் பெறாத கான்கிரீட்டின் மேற்பரப்பு நுண்துளை மிக்கதாய் நின்று, காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடுகிறது. சில ஆண்டு சென்றபின் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கிறது. தூணின் மேற்பட்டை வெடித்து உதிர்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்தும். மூன்று தலைமுறை நிற்கவேண்டிய கட்டடம் ஒரு தலைமுறையில் இடிபடுமாயின், மறுபடியும் அத்தனை கல்லையும் சுட்டாகவேண்டும். சாம்பல் கலந்து மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். பரீட்சையில், கலப்புச் சிமெண்டில் சாம்பல் எத்துணைப் பங்கு என்று வினவலாம். ஒன்பதாம் நாள் மாலை அத்தூணுக்கு நீர் ஊற்றப்பட்டதா என்பது எந்த வினாத்தாளிலும் வாராது.

சாளரத்தின் கதையும் இத்தகையதே. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க ஊர்களில், திறந்துவிடக்கூடிய சாளரப் பரப்பு வீட்டின் உட்தரைப் பரப்பில் ஆறிலொரு பங்குக்குக் குறையாதிருக்க வேண்டுமென்று எக்கோ நிவாஸ் சம்ஹிதை கூறுகிறது. 600 சதுர அடி வீட்டிற்கு 100 சதுர அடி. முழுதும் திறக்கும் கதவுடைய சாளரத்தை வரைபடத்தில் எழுதிக் கணக்குக் காட்டி அனுமதியும் பெற்றாயிற்று. பின்னர் சாளரம் செய்பவர், இடமும் கூலியும் குறையுமென்று, ஒன்றன்பின் ஒன்றாக நகரும் கண்ணாடிச் சாளரத்தை மாட்டிவிடுகிறார். அது பாதியே திறக்கும். 100 அடி 50 அடியாகிவிடுகிறது. அவர் வஞ்சகம் செய்யவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவினவே. மே மாதத்து இரவில் காற்றின்றிப் புழுங்கிக் குளிர்பெட்டி வாங்க ஓடுகிறவர் அவ்வீட்டில் குடியிருப்பவர். காற்றுக்குமிழி நிறைந்த இலேசான கற்களைச் செங்கல்லைப் போலவே தொட்டியில் ஊறவைத்துக் கட்டி, பின்பு சுவரெங்கும் கீறல் விடுவதும் இவ்வினத்தைச் சார்ந்ததுதான்.

'விதிநூலும் கணிதமும் கொத்தனாருக்கு ஏறுமா?' என்று கேட்பாருண்டு. இவ்வினாவை எழுப்புவோர் நம் பழைய மதராஸ் தளத்தை அண்ணாந்து பார்த்தவரல்லர் என்றே கருதுகிறேன். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாகச் சுண்ணச்சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டைகளால் அடித்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து இறுக்கிய தளம் அது. எந்நாளில் அடிப்பதை நிறுத்துவது, எவ்வளவு நீர் தெளிப்பது என்பவற்றை ஒரு நூலும் பாராது அறிந்திருந்தவர்கள் அவர்கள். அளவுகோலைப் பேணும் பழக்கம் அவர்களிடத்தில் இருந்தது. சரக்கு மாறியபோது, புதிய சரக்கின் அளவுகோலை அவர்களுக்குச் சொல்லாமல் விட்டவர் படித்த வகுப்பினர்.

சொல்லிக்கொடுத்தவர்களும் இல்லாமலில்லை. லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1945-ல் இந்தியாவுக்கு வந்து, தொழுநோயாளர் இல்லங்களுக்குக் கட்டடம் அமைக்கும் பணியில் தொடங்கி, இறுதியில் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-ல் அங்கேயே மறைந்தார். அவர் கட்டுமிடத்திலேயே நின்று, கொத்தருடன் பேசி, வேலை நடக்க நடக்கத் தம் கட்டடங்களை உருவாக்கினார். எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால், செங்கல்லில் சுமார் நாலிலொரு பங்கு மிச்சமாகும். வெயிலின் வெப்பமும் எளிதில் உள்ளே புகாது. இதனை அவர் பரீட்சை வைத்துப் பரப்பவில்லை. தம் கையாலேயே படம் வரைந்து சிறு சிறு புத்தகங்கள் வெளியிட்டார். 1985-ல் தோன்றிய காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பு அம்முறைகளை இன்றும் நடத்தி வருகிறது. நம் பக்கத்தில் ஆரோவில் மண் கட்டடக் கலைக் கழகம் 1989 முதல், அழுத்திய மண்கல்லால் கட்டும் வித்தையைக் கற்பித்து வருகிறது. அங்கே பயில்வோர் தாமே கரணை பிடித்துக் கல்லடுக்கவும் வேண்டும். பட்டதாரிகளுக்கு அதுவே பெரிய பாடமாயிருக்குமென்று நினைக்கிறேன்.

கல்வி கீழே இறங்காதது ஒரு குறை. கட்டடத்தில் ஆட்கள் குடியேறியவுடன் அது நின்றுவிடுவது இன்னொன்று. அமெரிக்காவில் லீட் முத்திரை பெற்ற 121 கட்டடங்களின் உண்மையான எரிசக்திச் செலவை 2008-ல் ஆராய்ந்தனர். மொத்தத்தில் அவை மற்றக் கட்டடங்களினும் சிக்கனமாகவே இருந்தன. ஆயினும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கட்டடங்கள், வரைபடக் காலத்தில் சொன்னதினும் மிக அதிகமாகச் செலவிட்டன. ஆஸ்திரேலியாவில் நேபர்ஸ் என்னும் முறை, 12 மாதத்து மெய்யான மின்கட்டணத்தைப் பார்த்தே நட்சத்திரம் வழங்குகிறது. அம்முறையே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. மாணாக்கன் எழுதுமுன் அவனுக்கு மார்க்கு இடுவதில்லையன்றோ?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். விதிநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பரீட்சைப் பாடங்களும் பெரும்பாலும் அவ்வாறே. கட்டுமிடத்திலோ, சென்ட்ரிங், சாந்து, பாத்தி, சாரம், தூக்குக்குண்டு, ரசமட்டம் என்று ஒரு தனிப்பாஷை வழங்குகிறது. நிகண்டைப் புரட்டி எவர்க்கும் விளங்காத பதங்களை ஆக்காமல், அப்பாஷையிலேயே, படங்களுடன், இருபது பக்கத்தில் ஒரு கைநூல் எழுதினாற் போதும். இன்று நம் ஊர்களில் வேலை செய்வோருள் பீகாரிகளும் ஒடியரும் வங்காளிகளும் பலர். ஆதலின் அது இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் வேண்டும். தமிழ்க் கைநூல் ஒன்றே போதுமென்று தமிழபிமானத்தால் நாம் இருந்துவிடலாகாது.

பணம் எங்கே என்பர். கட்டடத் தொழிலாளர் நலனுக்காகச் சட்டப்படி, கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 பங்கு தீர்வையாக வசூலாகிறது. அந்நிதியில் இக்கல்விக்கும் ஒரு பகுதி ஒதுக்குதல் தகும். கற்கும் நாளுக்குரிய கூலியையும் கொடுத்தல் வேண்டும். என்ஜினீயர் கற்கும் நேரத்திற்குச் சம்பளம் நிற்பதில்லை. அன்றாடக் கூலியில் அடுப்பெரிப்பவரை மட்டும் இலவசமாக வந்து கற்கச் சொல்லுதல் நியாயமாகாது.

அரசாங்கத்தார் முன்வருமளவும் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. கலாசாலைகள் ஆண்டுதோறும் விடுதியென்றும் ஆய்வுசாலையென்றும் கட்டிக்கொண்டேயிருக்கின்றன. அடுத்த கட்டடத்திற்கு டெண்டர் கோரும்போது, வேலை தொடங்குமுன் தொழிலாளர் யாவர்க்கும் 2 நாட்கூலி கொடுத்துக் கற்பித்தல் வேண்டுமென்றும், காவற்காரரின் மனைவி நீர் ஊற்றுவாராயின் அதற்குத் தனிக் கூலி உண்டென்றும், தூண்தோறும் கான்கிரீட்டு இட்ட தேதியைச் சுண்ணாம்பால் எழுதி வைத்தல் வேண்டுமென்றும் மூன்று ஷரத்துக்களைச் சேர்க்கலாம். 40 பேர் உழைக்கும் இடத்தில் இது 80 நாட்கூலிக்குச் சிறிது மேற்படும். முகப்பில் பதிக்கும் கண்ணாடிக்கு ஆகும் செலவின் முன் அது சிறு தொகை. கட்டடம் முடிந்து ஓராண்டு சென்றபின் மின்கட்டணத்தையும், மேல்மாடி அறைகளின் நண்பகல் உஷ்ணத்தையும் அளந்து இம்மலரிலேயே வெளியிடும் பொறுப்பைப் பௌதிக வகுப்பு மாணவர் ஏற்கலாம். அதற்கு வேண்டும் உஷ்ணமானிகள் அவர்கள் ஆய்வுசாலை அலமாரியிலேயே இருக்கின்றன.