கம்பெனியா, கைவேலையா? மோட்டார் கருகினவன் சொல்றேன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்த சொந்தக்காரங்க பேச்சு இந்தத் தடவையும் அதிலேயே போய் நின்னது. வீட்டு லைட்டு, கேட்டு, தண்ணி மோட்டார் எல்லாத்தையும் போன்ல ஓட்டணும். கம்பெனிகிட்ட கொடுக்கலாமா, நாமளே பார்ட்ஸ் வாங்கிச் செஞ்சுக்கலாமா? ஒரு கூட்டம் "கம்பெனின்னா சர்வீஸ் இருக்கும்"னுச்சு. இன்னொரு கூட்டம் "அதெல்லாம் கொள்ளை, கால்வாசி காசுல நானே செய்வேன்"னுச்சு. நான் வாயைத் திறக்கலை. ரெண்டுலயும் சூடு கண்டவன் நான். இங்கே எழுதிடறேன்.

எங்க தோப்பு இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துல இருக்கு. 1990-ல இருந்து விவசாயத்துக்குக் கரண்டு இலவசம்தான். ஆனா த்ரீ பேஸ் எப்ப வரும்னு பார்த்துக் காத்துக் கிடந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட போய் மோட்டார் போட்ட காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தென்னைக்கு யானை வரும், பன்னி வரும், வரப்புல பாம்பு கிடக்கும். அதனால போன்ல மோட்டார் போடறதை நான் கேலி பண்ண மாட்டேன். உங்களுக்கு அது சொகுசு, எங்களுக்கு அது உயிர். புனே இன்ஜினியர் சந்தோஷ் ஓஸ்ட்வால் 'நானோ கணேஷ்' கருவியைக் கொண்டுவந்ததும் இந்த ராத்திரி நடைக்காகத்தான். நம்ம வேளாண்மைப் பொறியியல் துறையும் இந்த மாதிரிக் கருவிகளுக்கு மானியம் கொடுத்திருக்கு.

எனக்கு என் மருமகன், அக்கா மகன், செஞ்சு கொடுத்தான். "மாமா, கம்பெனிக்கு எதுக்கு தெண்டம் அழறீங்க?" ஒரு சின்ன போர்டு, நாலு நீல ரிலே, ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஏழெட்டு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. பிறகு அவன் வேலைக்கு ஜெர்மனி போயிட்டான். ஒரு சித்திரை ராத்திரி ரிலே ஒட்டிக்கிச்சு. போன்ல 'ஆஃப்' காட்டுது, தோப்புல மோட்டார் ஓடுது. தண்ணி வத்தினா நிறுத்தற ஏற்பாடும் அதே ரிலே வழியாத்தான். விடியறதுக்குள்ள காயில் கருகிடுச்சு.

வைண்டிங் கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, "அண்ணாச்சி, எந்த வயர் எங்க போகுதுன்னே தெரியலையே"ன்னார். மருமகனுக்குப் போன் போட்டா, "எல்லாம் என் லேப்டாப்புல இருக்கு மாமா"ங்கறான். நல்ல பையன்தான், அவனைக் குத்தம் சொல்லலை. ஆனா 'நாமளே செஞ்சது'ங்கற பேச்சு இருக்கே, அதுல யாருங்க அந்த 'நாம'? செஞ்சவனுக்குத்தான் அது சொந்த வேலை. எனக்கு அது ஒரே ஒரு ஆள் வேலை பார்க்கற கம்பெனி. அந்த ஆளும் ஜெர்மனியில.

அப்போ கம்பெனிதான் சரின்னு கிளம்பிடாதீங்க. பக்கத்துத் தோப்புக்காரர் கம்பெனி சாமான்தான் வாங்கினார். பில், கேரண்டி, ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. மாட்டிக் கொடுத்த டீலர் ரெண்டாம் வருஷம் கடையை மூடிட்டார். போன் போட்டா ஹிந்தியில ஒரு பொண்ணு பேசுது. திறந்து பார்த்தா போர்டு மேல பிசின் ஊத்தி அடைச்சிருக்கு, நம்ம கடைக்காரர் தொடவே முடியாது. இது பட்டிக்காட்டு வியாபாரிங்க புத்தின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ரிவால்வ்னு ஒரு வீட்டுக் கருவி. அதைக் கூகுளோட நெஸ்ட் கம்பெனி வாங்கி, 2016 மே மாசம் சர்வரை நிறுத்துச்சு. காசு கொடுத்து வாங்கினவங்க கையில வெறும் டப்பா. 2022-ல இன்ஸ்டியான் கம்பெனி சர்வரும் திடீர்னு நின்னுபோச்சு.

அதனால 'கம்பெனியா, கைவேலையா'ங்கற கேள்வியே தப்புங்கறேன். கேட்க வேண்டியது மூணு. கெட்டுப் போனா டிவிஎஸ் எக்ஸ்எல்-ல கிளம்பி வர்ற ஆள் பக்கத்துல இருக்காரா? அவர் திறந்து பார்த்தா புரியுமா? நெட்டும் போனும் செத்தாலும் கையால ஸ்விட்சு போட முடியுமா? மூணுக்கும் 'ஆமா'ன்னா யார் செஞ்சா என்ன?

இப்ப என் ஸ்டார்ட்டரை மாட்டினது அதே வைண்டிங் கடைக்காரர்தான். மிஸ்டு கால் கொடுத்தா ஓடும். தண்ணி வத்தினா நிறுத்தற ரிலே தனியா இருக்கு. டப்பாவையே ஒதுக்கிட்டுக் கையால போட ஒரு திருகு ஸ்விட்சு. மூடிக்கு உள்பக்கம் எந்த வயர் எங்க போகுதுன்னு தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கார். மருமகன் செஞ்சதை விட செலவு கூடத்தான். ஆனா கெட்டா சாயங்காலத்துக்குள்ள வந்துடுவார்.

ஊர்ல தனியா இருக்கற அப்பா அம்மா வீட்டுக்குச் சென்னையில உட்கார்ந்து ஆப் மாட்டுறவங்களுக்கும் இதேதான். போன்ல நீங்க எத்தனை பட்டன் வேணா வெச்சுக்கோங்க. கிளம்பறதுக்கு முன்னாடி மெயினை ஒரு தடவை இறக்கி ஏத்திட்டு, நெட்டையும் அணைச்சுட்டு, உங்க அம்மாவை வாசல் கதவையும் பாத்ரூம் லைட்டையும் போடச் சொல்லிப் பாருங்க. அவங்களால முடியலைன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க.