நூறு சர்வருக்கும் ஒரே வாசல்

ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என்று இருபது சர்வர்கள் கணக்கில் இருக்கும். சர்வர் அறையைத் திறந்து பார்த்தால் இரண்டு பெட்டிகள்தான் இருக்கும். ஒரே வன்பொருளில் பல மெய்நிகர் சர்வர்களை ஓடவிடும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளின் வேலை இது. மின்சாரம், இடம், பணம் மூன்றும் மிச்சம். ஆனால் ஹைப்பர்வைசரைக் கைப்பற்றியவர், அந்த இருபது சர்வர்களில் ஒன்றின் கடவுச்சொல்லைக்கூட உடைக்க வேண்டியதில்லை. அவற்றின் வட்டுக் கோப்புகளை வெளியிலிருந்தே முடக்கிவிடலாம். அப்படியிருந்தும், ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஆன்டிவைரஸ் போடுவதோடு பல இடங்களில் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. ஹைப்பர்வைசரின் நிர்வாக நெட்வொர்க்கைத் தனியே பிரித்து வைப்பதே நிர்வாகியின் முதல் கடமை.

2023 பிப்ரவரியில் நடந்தது இதற்குச் சான்று. விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசரைக் குறிவைத்து கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ஒரு ரான்சம்வேர் பரவியது. உலகெங்கும் 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் சிக்கியதாக அமெரிக்காவின் எஃப்பிஐயும் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவும் அறிவித்தன. எஸ்எல்பி என்ற சிறு சேவையில் இருந்த ஓட்டை வழியே அது நுழைந்ததாகக் கருதப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் பேட்ச் போடாதது ஒரு தவறு. நிர்வாக வாசலை இணையத்தைப் பார்க்கத் திறந்து வைத்தது அதைவிடப் பெரிய தவறு; அது மூடியிருந்தால், பேட்ச் இல்லாத சர்வரைக்கூட வெளியாள் நேரடியாகத் தொட்டிருக்க முடியாது. பல சர்வர்களில் சிறிய அமைப்புக் கோப்புகள் மட்டும் முடங்கி, தரவு இருந்த பெரிய கோப்பு தப்பியதால், மீட்பதற்கான நிரலை சிசாவால் வெளியிட முடிந்தது. ஓரிரு நாளில் தாக்குபவர்கள் அந்த வழியையும் அடைத்தார்கள்.

பேட்ச் போட சர்வரை நிறுத்த வேண்டும், அலுவலக வேலை கெடும் என்பார்கள். இரண்டு ஹோஸ்ட்டுகளும் (ஹைப்பர்வைசர் ஓடும் பெட்டிகள்) பொதுவான சேமிப்பகமும் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திவிட்டுக் காலியானதைப் புதுப்பிக்கலாம். ஒரே ஹோஸ்ட் வைத்திருப்பவர், முன்கூட்டி அறிவித்து ஒரு ஞாயிறு இரவை ஒதுக்கலாம். மேற்சொன்ன ஓட்டைக்கோ, பேட்ச் போடும்வரை எஸ்எல்பி சேவையை நிறுத்தி வைக்கும் மாற்று வழியும் இருந்தது. சில கட்டளைகளில் முடிகிற வேலை.

சர்வரின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்நாப்ஷாட் எங்களிடம் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். ஸ்நாப்ஷாட்டில் இருப்பது மூல வட்டைச் சார்ந்த மாற்றங்கள் மட்டுமே. பெரும்பாலும் இரண்டும் ஒரே சேமிப்பகத்தில் கிடக்கும், போனால் சேர்ந்தே போகும். ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது; பேக்கப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 ஜூனில் இந்தோனேசியாவின் சுரபயாவில் இருந்த தற்காலிகத் தேசியத் தரவு மையம் ரான்சம்வேரில் முடங்கியது. விமான நிலையக் குடியேற்றச் சேவை உட்பட 200-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் பணி பாதிக்கப்பட்டது. அங்கிருந்த தரவில் 98 சதவீதத்துக்கு பேக்கப் இல்லை என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். பேக்கப் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஹைப்பர்வைசர் நிர்வாகியின் கணக்கால் அதை அழிக்க முடியக் கூடாது.

சிறிய அலுவலகத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பது ஓரளவு நியாயமே. இரண்டாவது ஹோஸ்ட்டுக்குப் பணம் வேண்டும். ஆனால் இருக்கிற ஸ்விட்ச், ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் விஎல்ஏஎன் வசதி கொண்டதென்றால், நிர்வாகப் போக்குவரத்தைத் தனியாகப் பிரிக்கவும், குறிப்பிட்ட ஒன்றிரண்டு கணினிகளை மட்டும் அனுமதிக்கவும் தேவைப்படுவது ஒரு நாள் உழைப்புதான். தொழில்நுட்பம் தெரியாத மேலதிகாரியும் ஆண்டுத் தணிக்கையில் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். என் மேசைக் கணினியிலிருந்து ஹைப்பர்வைசரின் நிர்வாகப் பக்கம் திறக்கிறதா? பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றோ, இரண்டாவதற்குத் தேதி இல்லை என்றோ பதில் வந்தால், புதிய சர்வர் வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவதே சரி.