ஆவணமும் அட்டவணையும்

கணினிச் சாஸ்திரம் பயிலும் நம் மாணவருள் பலர், தரவுகளைச் சேமித்து வைக்கும் முறைகள் இரண்டென்றும், அவற்றுள் பழையது அட்டவணை, புதியது ஆவணமென்றும், புதியது வந்தமையால் பழையது ஒழியுமென்றும் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பது நம் அபிப்பிராயம். அதனினும் முக்கியமாக, இவ்விரண்டிற்கும் இடையே நின்று ஆவணத்தை அட்டவணையாகக் காட்டும் டிரைவர் என்னும் கருவியின்பால் இக்காலத்தார் வைத்திருக்கும் அளவிறந்த நம்பிக்கையைக் குறித்துச் சில கூற விரும்புகின்றோம்.

புதியதெனப்படும் ஆவணமுறை, உள்ளவாறு நோக்குமிடத்து, அத்துணைப் புதியதன்று. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ முயற்சியின் பொருட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் 1966-ஆம் ஆண்டு முதலாக உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தளம், ஒரு பொருளுக்குள் அதன் உறுப்புகளும், அவ்வுறுப்புகளுக்குள் வேறு உறுப்புகளுமாகக் கிளைத்துச் செல்லும் மரம் போன்ற அமைப்பினையே உடையது. அத்தகைய அமைப்புகளின் இடர்களைக் கண்ட எட்கார் காட் என்பார், தாமும் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவரேயாயினும், 1970-ஆம் ஆண்டில் உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கவனிக்கத்தக்கது. ஊழியர் ஒருவர், அவர் வகித்த பதவிகளின் வரலாறு, ஒவ்வொரு பதவிக்குள்ளும் சம்பளத்தின் வரலாறு, மற்றொருபால் அவர்தம் பிள்ளைகள். இக்கொத்தினைக் காட் நான்கு தனி அட்டவணைகளாகப் பிரித்து, எவ்வட்டவணையிலிருந்தும் உரிய ஊழியரைக் கண்டுகொள்ளுமாறு ஊழியரின் எண்ணை ஒவ்வொன்றிலும் சேர்த்து வைத்தார். 2009-இல் வெளிவந்த மாங்கோடிபி முதலிய ஆவணத் தரவுத்தளங்களை அட்டவணைகளாகக் காட்டும் டிரைவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஆயின் காட் தாம் அறிந்த அமைப்பினைப் பிரித்தார். டிரைவரோ தான் அறியாத அமைப்பினை ஊகித்துப் பிரிக்கின்றது.

ஊகிக்கும் விதம் யாதெனில், தொகுதியிலுள்ள ஆவணங்களுட் சிலவற்றை மாதிரியாக எடுத்து நோக்கி, அவற்றிற் காணும் புலங்களையெல்லாம் நிரல்களாக வகுத்துக்கொள்ளும். ஆவணத்திற்குள் அடங்கிய சிற்றாவணம் இருப்பின், 'முகவரி.ஊர்', 'முகவரி.தெரு' என்றாற்போலப் புள்ளியிட்டு விரித்து அதே அட்டவணையில் வைக்கும். பட்டியல் இருப்பின், அதனைத் தனி அட்டவணையாக்கி, தாய் ஆவணத்தின் அடையாள எண்ணையும், பட்டியலில் அவ்வுறுப்பு நின்ற இடத்தின் எண்ணையும் ஒவ்வொரு நிரையிலும் சேர்க்கும். இவ்வளவும் மெச்சத்தக்க வேலையே. கணக்காளரும் மேலதிகாரிகளும் தாம் பழகிய எஸ்.கியூ.எல். மொழியிற் கேள்வி கேட்டு விடை பெறுவதற்கு இஃதன்றி எளிய வழியில்லை.

இனி, ஒரு கல்லூரி அலுவலகம் தன் மாணவர் பதிவுகளை ஆவணங்களாக வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவரது ஆவணத்தில் அவர் செலுத்திய கட்டணம் 5,000 ரூபாய். பயிலும் பாடங்கள் 3. தொலைபேசி எண்கள் 2. டிரைவர் இதனை மாணவர், பாடம், தொலைபேசி என மூன்று அட்டவணைகளாக்குகின்றது. அனுபவமில்லாத எழுத்தர் ஒருவர் மூன்றையும் மாணவர் எண்ணால் இணைத்துக் கட்டணத்தைக் கூட்டுவாராயின், அம்மாணவர் பெயரில் 6 நிரைகள் தோன்றும். கட்டணமும் 30,000 ரூபாயாகப் பெருகும். பிழைச் செய்தி யாதும் வாராது. கணக்கு அழகிய வரைபடமாகி மேசைக்குச் சென்றுவிடும். ஆவணத்தில் இருந்தபோது பாடங்களும் தொலைபேசி எண்களும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதவை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். பிரித்தபின் அவ்வறிவு எவ்வட்டவணையிலும் எழுதப்படவில்லை.

இதனினும் கொடிது மதிப்பெண் விஷயம். ஒருவருக்கு 45 என எண்ணாகவும், மற்றொருவருக்கு 'வரவில்லை' எனச் சொல்லாகவும் பதிந்திருப்பது ஆவண உலகில் இயல்பு. அட்டவணையின் நிரலோ ஒரே வகையை வேண்டும். டிரைவர் எண்ணைத் தேர்ந்துகொள்ளுமாயின், சொல்லாயிருந்தவை வெற்றிடமாகிவிடக்கூடும். சராசரி காணும்போது எஸ்.கியூ.எல். வெற்றிடங்களை எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லை. தேர்வுக்கு வாராதோர் பலராக, வகுப்பின் சராசரி மட்டும் குறையாது நிற்கும்!

நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது மூன்றாவது இடர். ஆவணத்தில் ஒரு புலமே இல்லாதிருத்தல் வேறு. புலமிருந்து அதன் மதிப்பு வெறுமையாயிருத்தல் வேறு. அட்டவணைக்குள் வந்ததும் இவ்விரண்டும் ஒரே வெற்றிடமாகக் கலந்துவிடுகின்றன. உபகாரச் சம்பளம் 'பெற்றவர்' என்பதற்குச் சமமல்லாதவர் யாவர் என்று மாங்கோடிபியை அதன் மொழியிலேயே வினவினால், அப்புலமே இல்லாத மாணவரும் விடையில் வருவர். அதே கேள்வியை எஸ்.கியூ.எல். முறைப்படி கேட்டால், வெற்றிடமுள்ள நிரைகள் விடையிற் சேரா. வெற்றிடத்தை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையுமன்று, பொய்யுமன்று என்பது அம்மொழியின் விதி. ஆகவே விண்ணப்பமே எழுதாத, ஒருவேளை எழுத அறியாத ஏழை மாணவன் முதற்பட்டியலில் இருக்கின்றான். இரண்டாம் பட்டியலில் இல்லை. உதவி வேண்டுவோரைத் தேடியே அப்பட்டியல் எடுக்கப்பட்டதெனின், விடுபட்டவன் எவன் என்பதை வாசகர் உணர்வர். நூற்றில் ஒன்று காணாமற்போன ஆட்டின் உவமையை நம் கல்லூரியில் அறியாதாரில்லை; அம்மேய்ப்பனுக்கேனும் குறைந்தது ஒன்றென்று தெரிந்திருந்தது.

அங்ஙனமாயின் அட்டவணைகளே வேண்டா, யாவரும் ஆவண மொழியைக் கற்றுக்கொள்க என்பாருமுளர். நிதியறிக்கையும் தணிக்கையும் அரசாங்கப் படிவங்களும் அட்டவணையாகவே இருக்கும்வரை இது நடவாத காரியம். ஆவணங்களையே ஒழித்துவிடுக என்பார் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. விண்ணப்பங்களும் கடிதங்களும் ஆளுக்கோர் அமைப்புடையன. அவற்றையெல்லாம் ஒரே அச்சில் வார்க்க முயன்று, பாதி நிரல்கள் வெறுமையாய்க் கிடக்கும் அட்டவணைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

நாம் வேண்டுவது இது. எப்புலம் எந்நிரலாகும், எப்பட்டியல் எவ்வட்டவணையாகும், இல்லாத புலம் எவ்வாறு குறிக்கப்படும் என்னும் வரைவினை டிரைவரின் ஊகத்திற்கு விடாது, அவ்வாவணங்களின் பொருளறிந்த ஒருவர் தம் கையால் எழுதுதல் வேண்டும். மாங்கோடிபிக்கென அமைந்த இடைநிலைக் கருவிகளில் இவ்வரைவு திருத்தத்தக்க சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருந்திருக்கின்றது. அதனைத் திறந்து பார்ப்பவர் மிகச் சிலர் என்பதே குறை. 'வரவில்லை' என்பதற்கென ஒரு தனி நிரல் அமைக்க அரை நாழிகை போதும். வகை பொருந்தாத மதிப்பு வருங்கால், மௌனமாய் வெற்றிடமாக்காது, இத்தனை ஆவணங்கள் பொருந்தவில்லையென்று டிரைவர் அறிவித்தல் வேண்டும். அறிவியாத டிரைவரை வாங்கற்க. நம் வகுப்புகளிலோ, காட் வகுத்த இயல்பாக்க முறையைத் தேர்வுக்கு முதல் வாரம் நெட்டுருப் பண்ணும் வழக்கம் ஒழிந்து, ஓர் உண்மை ஆவணத்தை எடுத்து மாணவரே பிரித்துப் பார்க்கும் பயிற்சி வருமாயின் நலம்.

அட்டவணையின் வழியே ஆவணத்தைத் திருத்தவும் கூடாதோ என்று சிலர் கேட்கின்றனர். இத்தகைய இடைநிலைக் கருவிகளுட் பல வாசிப்பதற்கு மட்டுமே இடந்தருவன. இதனைக் குறையாகக் கொள்ளற்க. தொலைபேசி அட்டவணையில் ஒரு நிரையை நீக்கினால், ஆவணத்தின் பட்டியலில் அடுத்த எண் அவ்விடத்திற்கு ஏறவேண்டுமா, இடம் வெறுமையாய் நிற்கவேண்டுமா, பட்டியலில் ஒன்றுமே எஞ்சாவிடின் புலமே மறைய வேண்டுமா என்பதை அட்டவணை கூறாது. அதனை ஆவணத்திடமே சென்று செய்தல் வேண்டும்.