பழைய லெப்டொப்பைத் தூக்கிப் போட முன்...



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். ஓ.எல். பிள்ளைகள் உள்ள வீடுகள் கட்டாயம் வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதன்பிறகு எங்களிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "சேர், வீட்டு லெப்டொப்புக்கு வின்டோஸ் 11 போட ஏலாதாம். புதுசுதான் வாங்கணுமா?"

முதலில், பதற வேண்டாம். வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். இரண்டாவது, மெஷின் பழுதாகவில்லை. வின்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய ப்ரொசசரும் வேண்டும். பழைய லெப்டொப்கள் பலவற்றில் அவை இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் கருத்து இது: கடைக்குப் போக முன், அதே லெப்டொப்பில் பிள்ளைக்கு இன்னொரு பணிசெயல் முறைமையைக் காட்டுங்கள்.

வின்டோஸ், மெக் ஓஎஸ், லினக்ஸ் என்று பிள்ளைகள் பாடமாக்கி எழுதுவார்கள். ஆனால் கை வைத்துப் பார்த்தது ஒன்றில் மட்டும்தான். அதனால் கம்ப்யூட்டர் என்றாலே வின்டோஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளை ஒழுங்காக வைப்பது, பிரின்டரோடு பேசுவது எல்லாம் எந்த முறைமையும் செய்யும் வேலைகள். இரண்டாவது ஒன்றைப் பாவித்துப் பார்க்கும்போதுதான் அது பிள்ளைக்கு விளங்கும்.

லினக்ஸ் ஏதோ அந்நியப் பொருள் அல்ல. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 21 வயதில் தொடங்கியது. இன்று உங்கள் அன்ட்ரொய்ட் போனின் அடித்தளமும் அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய எங்கள் நாட்டுத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா'வும் லினக்ஸைப் போலவே யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய மென்பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது உதவியது.

செய்ய வேண்டியது சிறிய வேலை. லினக்ஸ் மின்ட்டை இலவசமாக டவுன்லோட் செய்து 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றுங்கள். 4 ஜிபி ரெம் இருந்தால் நன்றாக ஓடும். 'இன்ஸ்டோல்' கொடுக்காத வரை வின்டோஸும் உங்கள் கோப்புகளும் அப்படியே இருக்கும். கொடுப்பதானால் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். எழுத, கணக்குப் போட லிப்ரே ஒபிஸ் உண்டு. இலங்கைத் தமிழ் விசைப்பலகையும் உண்டு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ஓட்டோகாட், போட்டோஷொப் படிக்கும் பிள்ளைக்கு வின்டோஸோ மெக்கோ தேவை. அவர்கள் வாங்கட்டும். ஆனால் 'கிரக்' பண்ணிய வின்டோஸைப் போட்டுக்கொடுக்காதீர்கள். அதில் வைரஸ் வரும் என்பது ஒரு பக்கம். அடுத்தவரின் ஹக் என்பது மறுபக்கம். பரீட்சையில் பார்த்து எழுதாதே என்று சொல்லும் நாம், வீட்டில் களவுப் பிரதியைக் கொடுக்கலாமா?

இந்த விடுமுறையில் ஒரு பென் டிரைவும் ஒரு பின்னேரமும் ஒதுக்குங்கள். பிள்ளை பயப்படாமல் நோண்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் புதுசு தேவையென்றால், எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கலாம், இன்ஷா அல்லாஹ்.