தந்தியாளர் செய்த தவறு என்ன?

“தொழில்நுட்பம் கற்றவனுக்கு அரசியல் எதற்கு?” என்று வினவும் கனவான்கள் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கான மறுமொழி 1946 பெப்ரவரி 18ஆம் நாள் பம்பாயிலேயே கூறப்பட்டுவிட்டது.

‘தல்வார்’ போர்க்கப்பலன்று, அரச இந்தியக் கடற்படையின் சமிக்ஞைப் பயிற்சிக்கூடம். பாசிசத்தை வீழ்த்த வாரீர் என்றழைக்கப்பட்டுக் கம்பியில்லாத் தந்தி பயின்ற இளைஞர்க்குக் கிடைத்தவை இழிந்த உணவும் இனவெறி வசவுமே. அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஏகாதிபத்தியத்தின் ஆணைகளைச் சுமந்த கருவிகளே அவர்தம் சொந்தக் குரலையும் சுமந்தன. சில நாட்களில் 78 கப்பல்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள்! குழுத் தலைவர் எம். எஸ். கான் முஸ்லிம், துணைத்தலைவர் மதன் சிங் சீக்கியர். காங்கிரஸ், லீக், செங்கொடி மூன்றும் ஒருங்கே பறந்தன.

பம்பாய்த் தொழிலாளர் துணைநின்றனர். இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். பட்டேலும் ஜின்னாவுமோ சரணடையுமாறு பணித்தனர். 23ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர். 1947இன் பின்னரும், நீக்கப்பட்டோரை இந்தியக் கடற்படையும் மீள ஏற்கவில்லை. பாகிஸ்தான் கடற்படையும் ஏற்கவில்லை.

இரு தலைவர்களும் ஒன்றுபட்டது இதிலேதான்! மேசையிற் பெற்ற விடுதலையை மட்டும் போதிக்கும் ஆசிரியர்களே, அம்மேசையை உலுக்கிய கரங்களையும் மாணவர்க்குக் காட்டுங்கள்.