'இன்று வந்த மீன்' என்று பிடிபட்டது?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கொழும்பில் நான் வழமையாகப் போகும் சுப்பர்மார்க்கட்டின் மீன் பகுதியில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இறாலுக்கும் கணவாய்க்கும் வார இறுதி விலைக்கழிவு. விலைக்குப் பக்கத்திலேயே 'புதியது' என்ற சொல்லும் இருந்தது. 2022 இற்குப் பின்னர் எங்கள் வீட்டில் இறால் என்பது விருந்தாளி வந்தால் மட்டும் வாங்கும் பொருளாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நின்றதால் ஒரு கிலோ வாங்கினேன்.

அம்மா அதைக் கழுவத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டார். "உது உறைஞ்சு உருகின இறால், பிள்ளை. தொட்ட உடன தலை கழண்டு வருது. சட்டியில போட்டா எல்லாம் தண்ணியாத்தான் போகும், பார்." அப்படியேதான் ஆனது. ஒரு கிலோ இறால் சட்டியில் சுருங்கி, குழம்பில் தேடவேண்டிய நிலைக்கு வந்தது. யாருக்கும் வயிற்றுக்கோளாறு வரவில்லை. விலையும் குறைவுதான். ஆனாலும் ஏமாந்துவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை.

அடுத்த நாள் போய் மீன் வெட்டும் தம்பியிடம் கேட்டேன். "நேற்றுத்தான் வந்தது அக்கா" என்றார். எப்போது பிடித்தது என்று கேட்டேன். "அது எங்களுக்குத் தெரியாது. பெட்டியில கட்டியா வரும். இளக வச்சுத்தான் அடுக்குவோம்." அவர் பொய் சொல்லவில்லை. இறால் நேற்றுத்தான் வந்தது. அது கடைக்கு வந்த நாள். கடலிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வெளியே வந்த நாள் வேறு. மீன் வியாபாரத்தில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

இலங்கையில் மீன் இரண்டு விதமாகக் கரைக்கு வருகிறது. ஒன்று, இரவில் போய்க் காலையில் திரும்பும் சிறு படகுகள். வடக்கில் குருநகர், பாசையூர், மாதகல் போன்ற கரைகளில் நாம் காண்பவை பெரும்பாலும் இவைதான். மற்றது, நீர்கொழும்பு, திக்கோவிட்ட, பேருவளை, தங்காலை போன்ற துறைமுகங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பல நாள் மீன்பிடிக் கலங்கள். இவை வாரக்கணக்கில் கடலில் நிற்கின்றன. புறப்படும்போது ஏற்றிச் செல்லும் ஐஸ்தான் திரும்பி வரும்வரை மீனைக் காக்கவேண்டும். முதல் நாட்களில் பிடிபட்ட மீன் அறையின் அடியில் கிடக்க, கடைசி நாளில் பிடிபட்டது மேலே இருக்கும். படகு கரைக்கு வந்ததும் இரண்டும் 'இன்று வந்த மீன்' ஆகிவிடுகின்றன. ஒன்றின் வயது ஒரு நாள், மற்றதன் வயது மூன்று வாரமாகவும் இருக்கலாம்.

இதைச் சொன்னதும் யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்கு உடனே ஒரு பெருமை வந்துவிடும். "ஐஸ் மீன் நாங்கள் தின்னுறேல்லை." நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் விஞ்ஞானம் எங்கள் பக்கம் முழுமையாக இல்லை. மீன் பழுதாகும் வேகத்தைத் தீர்மானிப்பதில் நாளைவிட வெப்பநிலைக்குத்தான் பெரிய பங்கு. உருகும் ஐஸில், அதாவது 0 பாகை செல்சியஸில் இருக்கும் மீனோடு ஒப்பிட்டால், 5 பாகையில் இருக்கும் மீன் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடிய வேகத்திலும், 10 பாகையில் இருப்பது நான்கு மடங்கு வேகத்திலும் பழுதாகும் என்பது மீன் பதனிடுதலில் நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் கணக்கு. 10 பாகையில் ஒரு நாள் என்பது ஐஸில் நான்கு நாட்களுக்குச் சமன். எங்கள் மதிய வெயிலில் வேகம் இதைவிடப் பல மடங்கு. நன்றாக ஐஸ் இடப்பட்ட வெப்பவலய மீன் இரண்டு வாரம் கழித்தும் உண்ணத் தக்கதாக இருக்க முடியும். விடியற்காலையில் பிடிபட்டு, வெறும் சாக்கில் சுற்றப்பட்டு, மதியம்வரை சந்தை மேசையில் கிடந்த மீன் அதற்குள்ளேயே தன் நல்ல காலத்தை இழந்திருக்கும்.

குருநகரில் சிறு படகு வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, ஐஸுக்குக் கொடுக்கும் காசு கூறல் விலையில் திரும்பி வருவதில்லை என்றார். "ஐஸ் போட்டதெண்டு தெரிஞ்சா ஆக்கள் விலையைக் குறைச்சுத்தான் கேப்பினம்." 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகளின் எரிபொருள் அதுதான். செலவைக் குறைக்க வழி தேடும் ஒருவரிடம், வாங்குபவர்களே விரும்பாத ஐஸை வாங்கு என்று எப்படிச் சொல்வது? எங்கள் பெருமையும் மீன் பழுதாவதற்கு ஒரு காரணம்.

சுவை மட்டும் என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் தசையில் பக்ரீரியாக்கள் ஹிஸ்டமினை உருவாக்குகின்றன. சமைத்தாலும் உறையவைத்தாலும் அது அழிவதில்லை. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்தால் 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒத்துக்கொள்ளாதது எங்கள் உடம்பாக இல்லாமல், அந்த மீன் எங்கோ ஐஸ் இல்லாமல் கிடந்த சில மணித்தியாலங்களாகவும் இருக்கலாம்.

விலைக்கழிவு இறாலுக்கு வருவோம். மலிவு என்றாலே பழுது என்று நான் சொல்லவரவில்லை. புத்தளம், சிலாபம் பகுதிப் பண்ணைகளில் ஒரு குளத்து இறால் பெரும்பாலும் ஒரேயடியாக அறுவடை செய்யப்படும். அப்போது பெருந்தொகையாக வாங்கி உறையவைக்கும் நிறுவனத்தால் பின்னர் மலிவாக விற்க முடியும். ஆட்களைக் கடைக்குள் இழுக்க ஒரு பொருளை இலாபமின்றி விற்று, அவர்கள் கூடையில் போடும் மற்றப் பொருட்களில் அதை எடுத்துக்கொள்வதும் பழைய வியாபார முறை. லண்டனில் இருக்கும் என் சித்தி கிறிஸ்மஸ் காலத்தில் ஆல்டி, லிடல் கடைகளின் மலிவுச் சிங்கி இறாலைப் படம் எடுத்து அனுப்புவார். கனடாப் பக்கத்துக் கடலிலிருந்து வரும் சிறிய அளவு இறால், உறைந்த நிலையில் பெட்டிக்குள் இருக்கும். ஆடம்பர உணவு மலிவாகக் கிடைப்பதன் இரகசியம் பெரும்பாலும் அளவிலும் உறைநிலையிலும்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியில் 'உறைந்தது' என்று எழுதியிருக்கிறது. உறைந்ததை உருகவைத்து விற்றால், சில விதிவிலக்குகள் தவிர, அதையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

பிடித்தவுடன் விரைவாக உறையவைத்த இறால், ஐஸில் நாட்கணக்கில் கிடந்த இறாலைவிட நல்லது. அதை உறைந்தபடியே விற்றால் எனக்குக் குறையில்லை. உருகவைத்து, மேலே ஐஸ் தூவி, 'புதியது' என்ற பலகையை வைப்பதில்தான் பிரச்சினை. அதை நம்பி விலைக்கழிவு நாளில் இரண்டு கிலோ வாங்கி வீட்டு ஃப்றீசரில் போடுகிறோம். அது இரண்டாவது உறைவு. முதல் முறை உருகியபோது கிடைத்த வாய்ப்பில் பெருகிய கிருமிகள் குளிரில் சாவதில்லை, காத்திருக்கின்றன. இறைச்சியும் தன் நீரை மறுபடி இழக்கிறது. உறைந்த இறாலுக்கு மேலே பாதுகாப்புக்காகப் பூசப்படும் பனிப்படலத்தின் நிறையைக் கழிக்காமல் விற்றால், இறால் விலையில் தண்ணீரையும் வாங்கியவர்களாகிறோம்.

2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இறக்குமதித் தடை நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத, அறிக்கையிடப்படாத மீன்பிடியை இலங்கை போதியளவு கட்டுப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. 2016 ஜூன் மாதத்தில் அது நீக்கப்படும்வரை, கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்துவதிலும் பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவதிலும் அரசாங்கம் ஓடியோடி வேலை செய்தது. இன்று ஐரோப்பாவுக்குப் போகும் மீனோடு ஒரு பிடிப்புச் சான்றிதழும் போகவேண்டும். எந்தக் கலம், எந்தக் கடற்பரப்பு, எந்தத் திகதி என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆகவே 'இதையெல்லாம் எங்கள் நாட்டில் செய்யமுடியாது' என்ற பதில் செல்லாது. செய்கிறோம். பிரஸல்ஸில் இருக்கும் அதிகாரிக்காகச் செய்கிறோம். வெள்ளவத்தையில் பை தூக்கி நிற்கும் பெண்ணுக்காகச் செய்வதில்லை. நல்ல தரக் கெலவல்லா விமானம் ஏறுகிறது. வடக்கின் நீல நண்டின் சதை பதனிடப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. பெரிய சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிறது. அந்நியச் செலாவணி தேவைப்படும் நாட்டில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நல்ல மீனோடு சேர்த்து அதைப் பற்றிய தகவலும் ஏற்றுமதியாகிவிடுகிறது. எங்களுக்கு எஞ்சுவது தேர்வில் கழிந்த மீனும், திகதி இல்லாத ஒரு பலகையும்.

திகதி இல்லாத இடத்தில் நம்பிக்கையை நாடகத்தால்தான் கட்டவேண்டியிருக்கிறது. 2020 ஒக்டோபரில் பேலியகொட மத்திய மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி உருவாகி மக்கள் மீனைக் கைவிட்டபோது, பாராளுமன்ற உறுப்பினர் திலிப் வெதஆராச்சி நவம்பரில் நடந்த ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். உலகம் முழுவதும் அந்தக் காணொளி ஓடியது. சிரித்தோம். அடுத்த ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோதும் மேற்குக் கரை மீனவர் தங்கள் மீன் எங்கே பிடிபட்டது என்பதை வாங்குபவருக்கு நிரூபிக்க வழியில்லாமல் நின்றனர். பதிவு இல்லாமையின் விலையை வாங்குபவர் மட்டுமல்ல, மீனவரும் சேர்ந்துதான் கொடுக்கிறார்.

நான் கேட்பது மூன்று வரிகள். பிடித்த அல்லது கரைக்கு வந்த திகதி. கடலா பண்ணையா, எந்த இடம். உறையவைத்து உருகியதா இல்லையா. இறாலின் விலையை எழுதும் அதே பலகையில் இவற்றையும் எழுதலாம். புதிதாக நிறுவனம் எதுவும் தேவையில்லை. 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். முதலில் பெரிய கடைகளிலிருந்து தொடங்கலாம். சந்தையில் கடகம் வைத்து விற்கும் பெண்ணிடம் கேட்பதற்கு முன்னர், கணினியில் ஒவ்வொரு பெட்டியையும் பதிந்து வைத்திருப்பவர்களிடம் கேட்பதுதான் நியாயம்.

அதுவரை அம்மாவின் வழிதான். கண் தெளிந்து துருத்தியிருக்கவேண்டும், பூ சிவந்திருக்கவேண்டும், விரலால் அமத்தினால் சதை மீளவேண்டும், இறாலின் தலை உடம்போடு இறுகி நிற்கவேண்டும். ஆனால் தலை நீக்கி, தோல் உரித்து, துண்டு போட்டுத் தட்டில் சுற்றிய மீனில் கண்ணும் இல்லை, பூவும் இல்லை. அங்கே அம்மாவின் அறிவு வேலை செய்யாது. கேள்வி மட்டும்தான் மிஞ்சும்.

போன வாரம் அதே கடையில் அதே தம்பியிடம் மறுபடியும் கேட்டேன். இறால் எப்போது பிடித்தது? அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உறைஞ்சதாவே தரட்டா அக்கா? உள்ள பெட்டியில இருக்கு" என்றார். அதையே வாங்கினேன். பெட்டியில் பொதி செய்த திகதி அச்சிடப்பட்டிருந்தது. அதை வாசிக்க நான் கேட்கவேண்டியிருந்தது என்பதுதான் என் முறைப்பாடு.